தொழில் என்ற கட்டம்

ரோலாவில் டைப்பிங் சென்டர் பையன்
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டான்:
"தொழில்?"

ஷார்ஜாவில் இருநூற்றுப் பதினான்கு பக்காலாக்கள்,
ஏழு வருஷம்.
கடன் நோட்டு வைத்திருக்கும் கடைக்காரன்
யாரை நம்புகிறான், எத்தனை திர்ஹாம் வரை நம்புகிறான் என்று
முந்நூறு பக்கம் எழுதி
வணிக மேலாண்மையில் முனைவரான ஜெனோவா மோத்தா
இந்தக் கேள்விக்கு மட்டும் எச்சில் விழுங்குகிறாள்.

விசாவில் நான் கணக்கு உதவியாளர்.
பதினொரு வருஷமாக அப்படித்தான்.
போன மாதம் வரை அது உறுத்தியதே இல்லை.

கல்லூரியில் கற்பிக்கலாமே என்றார்கள்.
கற்பிக்கலாம்.
பட்டம் முதலில் சென்னைக்குப் போனது,
பிறகு டெல்லி, பிறகு தூதரகம், பிறகு இங்குள்ள அமைச்சகம்.
என்னைவிட அதிகம் ஊர் பார்த்த காகிதம்.
முதுகெல்லாம் வில்லைகள் ஒட்டித் திரும்பிய பிறகு
ஜன்னலுக்கு அந்தப்பக்கம் ஒருவர் கேட்டார்:
"நேரில் போய்ப் படித்தீர்களா?"
போனேன் ஐயா, வெள்ளிதோறும்.
விடுமுறை நாள் மாறியபின் சனிதோறும்.
அதற்குச் சான்று?
பஸ் கார்டைத்தான் காட்ட வேண்டும்.

ஆலோசகர் ஆகலாம்.
ஃப்ரீ ஸோனில் உரிமம் தருகிறார்கள்,
கூடவே ஒரு மேசை.
மேசையைப் பார்க்கலாமா என்றேன்.
அது இருப்பதாக வைத்துக்கொள்ளும் மேசை, மேடம்.
வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம்.

வங்கியில், முப்பத்தோராம் மாடியில்,
என் மகன் வயதிருக்கும் மனிதவள அதிகாரி
"உங்கள் தகுதி இந்த வேலைக்கு மிக அதிகம்" என்றான்.
சம்பளத்தைக் கேட்டேன்.
"அது உங்களுக்கு மிகக் குறைவு."
எனக்காக அவனே வருத்தப்பட்டு
லிஃப்ட் வரை வந்து பொத்தானை அழுத்தினான்.

கட்டட வாட்ச்மேன் குல் ஸமானுக்கு
எப்படியோ செய்தி எட்டிவிட்டது.
சல்வாரை ஏற்றி முட்டியைக் காட்டுகிறார்.
நான் அந்த டாக்டர் இல்லை என்றால்
"தெரியும், ஆனாலும் பாருங்கள்" என்கிறார்.
பார்த்தேன்.
வீங்கித்தான் இருந்தது.

நேற்றிரவு பதினொரு மணிக்கு
கீழ்க்கடை அந்த்ரு ஷட்டரைப் பாதி இறக்கி
நோட்டை என் முன் தள்ளினார்.
என் ஆய்வில் அவர் மறுமொழியாளர் தொண்ணூற்றாறு.
பெயர் போடக் கூடாதென்பது விதி.
"போடாதது நல்லது,
கண்டவனும் வந்து கடன் கேப்பான்."
நானூற்றாறாம் ஃப்ளாட் ஆள்
ஆயிரத்துத் தொள்ளாயிரம் பாக்கி வைத்து
ஏர்போர்ட் போய்விட்டானாம்.
எதிர்ச்சாரியில் புது சூப்பர் மார்க்கெட்,
செல்போனில் தட்டினால் வீட்டுக்கே தண்ணீர்க்கேன்.
கடனை நிறுத்திவிடவா?

"நூற்றுக்கு நாலு பேர்தான் ஓடுகிறார்கள், அந்த்ருக்கா."
"அந்த நாலும் என்கிட்டயே வாங்கியிருக்கு."

முனைவர் பட்டத்தின் வாய்மொழித் தேர்வில்
யாரும் இதைக் கேட்கவில்லை.

ஒன்றரை மணி வரை உட்கார்ந்தோம்.
பெட்டி பெட்டியாகத் தயிர், நடுவில் நாங்கள்.
பெயர் பெயராகப் பார்த்தோம்:
இவருக்குச் சம்பளம் ஐந்தாம் தேதி,
இவருக்குக் கம்பெனி மூன்று மாதம் பாக்கி,
இந்தப் பெண் தினமும் பத்துப் பத்தாகத் தருகிறாள்.
யாரையும் நிறுத்தவில்லை.
சிலருக்கு எல்லை போட்டோம்.
நானூற்றாறை ஒரு கோடு போட்டு அழுதோம்,
அதாவது அவர் அழுதார், நான் கூட்டல் போட்டேன்.

பக்கம் புரளும்போது என் வரியும் வந்தது:
முந்நூற்று நாலு, நூற்று எண்பத்தாறரை.
பெயர் இல்லை. தொழில் இல்லை.
அவர் பேனாவை அதன்மேல் வைத்தார்.
வேண்டாம் என்றேன்.
வைத்தது வைத்தபடி ஒரு அடி அடித்தார்.

"மேடம், தொழில்?"
எனக்குப் பின்னால் வரிசையில் யாரோ தும்முகிறார்கள்.
"பேருக்கு முன்னால் டாக்டர் போட முடியுமா?"
"பாஸ்போர்ட்டில் இருக்கா?"
இல்லை.
"அப்போ பழையதே போடு."

எண்பது திர்ஹாம்.
ரசீது வேண்டுமா என்றான்.
வேண்டும் என்றேன்.
முந்நூறு பக்கத்திலும் நான் எழுதாத ஒன்றை
ரசீதின் பின்பக்கம் குறித்துக்கொள்ள
பேனாவும் கேட்டேன்.