வாயில் போட்டதெல்லாம்

நேற்று கண் விழித்தது முதல்
இன்று கண் விழித்தது வரை
வாயில் போட்டதெல்லாம் சொல்லுங்கள் என்றேன்.

அபோண்டி சிரித்தாள்.
வாயில் போட்டதெல்லாமா?

சியாயாச் சந்தையில் தக்காளிக் கூறு போடுகிறவள்.
ஏழாம் மாதம், நான்காவது பிள்ளை.
நசுங்கியது மட்டும் அவள் வீட்டு அடுப்புக்குப் போகும்.

காலையில் தேநீர்.
பாலா?
பால் ஒச்சோலாவுக்கு, பள்ளிக்கூடம் போகிறவன்.
சர்க்கரை இரண்டு கரண்டி.
எழுதிக்கொள், அதில் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

மத்தியானம் ஒன்றுமில்லை.
இரு, இரு,
பக்கத்துக் கடைக்காரி பாதிச் சப்பாத்தி தந்தாள்.
அதில் பாதி என்று போடு,
சின்னவள் பிடுங்கிவிட்டாள்.

ராத்திரி உகாலி, கீரை, ஓமேனா மீன்.
மீன் எவ்வளவு என்று
படத்தட்டுகளை விரித்துக் காட்டினேன்:
சிறுகுவியல், நடுக்குவியல், பெருங்குவியல்.
அவள் விரல் ஒவ்வொன்றாய்த் தாண்டிப் போய்
அட்டையின் ஓரத்தில் நின்றது.
சாறு மட்டும் இருக்கிற தட்டு
இதில் இல்லையே, தங்கச்சி?

இல்லை.
அச்சடித்தவர்களுக்கு அது தோன்றவில்லை.

மேல்கையில் நாடாவைச் சுற்றினேன்.
நாடா நிறைய மிஞ்சியது.

கடைசிக் கேள்வியைத்
தாளைப் பார்த்தபடியே கேட்டேன்:
மண், சாம்பல், கல், இப்படி
உணவல்லாத எதையாவது?

சேச்சே, என்றாள்.
உதட்டோரத்தில் வெளிறிய தூள்.
புது மழை விழுந்த புழுதியின் வாசம்
அவளிடமிருந்தா, என் பையிலிருந்தா,
எனக்கே தெரியவில்லை.

என் வயிற்றில் பிள்ளையில்லை.
மாதாமாதம் ஏழெட்டு நாள் போகிற ரத்தம்தான்.
படியேறினால் கண் இருட்டும்.
படிவக் கட்டுக்கு அடியில்
செய்தித்தாளில் பொதிந்த ஒடோவாக் கட்டி
பள்ளிக் காலத்திலிருந்து கூடவே வருகிறது.

வாயில் மண் விழுந்தது என்பார்கள்.
எங்கள் வாயில் அது விழவில்லை.
பத்து ஷில்லிங் கொடுத்து
பொறுக்கி எடுத்து வாங்கினோம்.

'இல்லை'க்கு நேரே குறியிடப் போன பேனா
நின்றது.
பையைத் திறந்து கட்டியை உடைத்தேன்.
அவள் மோந்து பார்த்துவிட்டுக்
கடைக்காரக் குரலில் சொன்னாள்:
லுவாண்டாவில் வாங்கியதா?
அங்கே வாங்காதே, மணல் பல்லில் அரைபடும்.

'ஆம்' என்று போட்டேன்.
எத்தனை தடவை?
அதற்கு அவள் பதில் சொல்லவில்லை.
கூறிலிருந்து ஒரு தக்காளியை எடுத்தாள்,
நசுங்காதது, விலைக்கு வைத்தது.
பாவாடையில் துடைத்து ஒரு கடி கடித்து
மீதியை என்னிடம் நீட்டினாள்.

இது நேற்றைய கணக்கில்லை,
எழுதாதே.