கூட்டாமல் குறைக்காமல்

முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து
எச்சில் இலைகளைக் கட்டிக் கீழே கொண்டுபோன பிறகு
மாமியின் அலுமாரியைத் திறந்தோம்.
கறுப்புக் குடை. சித்தாலேப்ப டப்பி.
கைக்குட்டை நுனியில் முடிந்த கராம்பு:
தொண்டை அடைக்காமலிருக்க
கோட்டுக்குப் போகையில் ஒன்று, வருகையில் ஒன்று.

கமலாசனி துரைவீரசிங்கம்.
அளுத்கடையில் மிஸிஸ் துரை.
முப்பத்தாறு வருஷம்
வெள்ளவத்தையில் நூறாம் நம்பர் பஸ் ஏறி
புறக்கோட்டையில் இறங்கி, மேட்டில் நடந்து
சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றா.
கதிரை ஒன்று தந்தார்கள்
இருபதாவது வருஷத்தில்.

கூண்டில் நிற்பவர் "நான்" என்றால்
மாமி "மம" என்பா.
"இவர் சொல்கிறார்" என்ற சொல்லுக்கு
அந்தத் தொழிலில் இடமில்லை.
காலையில் மாமி கோழி திருடினா.
பதினொரு மணிக்குக் கான்ஸ்டபிளாகி
தன்னையே துரத்திப் பிடித்தா.
மத்தியானம் பாணும் பருப்பும்.
பின்னேரம், மகனைப் பறிகொடுத்த ஒருத்தியாக
ஒரு மணித்தியாலம்.
அவள் அழுததை மட்டும் பெயர்க்கவில்லை.
"அது எல்லாருக்கும் விளங்கும், சேர்" என்றாவாம்.

எண்பத்து மூன்றில்
இரண்டு கிழமை பாடசாலை மண்டபத் தரையில் படுத்தா.
மூன்றாம் கிழமை
பொட்டில்லாமல் பஸ் ஏறினா.
அன்றைக்கு யாருக்காக "நான்" என்றா,
எந்த மொழியில் என்றா,
நாங்கள் கேட்கவில்லை.

வீட்டில் பதினொரு பேர்.
மைத்துனர் இருவரின் படிப்பு, மூன்று கலியாணம்,
கப்பலேறிப் போய் கடிதமே போடாத ஒருவனின் கடன்,
எல்லாம் ஒரு ஒற்றைறூல் கொப்பியில்.
"எனக்கு" என்ற தலைப்பின் கீழே
எழுபத்தொன்பது முழுக்க
செருப்பு வார் ஒன்று.

நல்லவ என்று மட்டும் சொன்னால்
அது குறைத்துச் சொன்னதாகிவிடும்.
தேங்காய்களை எண்ணி வைப்பா.
எனக்கு வந்த கடிதத்தை நீராவியில் பிரித்திருக்கிறா.
கொட்டாஞ்சேனைக்காரி சம்பலுக்கு உப்புக் காணாதென்று
பதினாறு வருஷம் சொன்னா,
அதே சம்பலைப் பதினாறு வருஷமும் இரண்டு தரம் போட்டா.

ஒருமுறை நானும் அவரும் ஒன்பது நாள் கதைக்கவில்லை.
பத்தாம் நாள் இரவு, சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு
மாமி என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றா.
"நான் களைத்துப் போனேன்" என்றா மகனிடம்.
"வேலை விட்டு வாறன். நீங்கள் பேப்பரை மடிக்கிறதுமில்லை."
தமிழிலிருந்து தமிழுக்கு.
நான் வாயே திறக்கவில்லை.
ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை.

பாரிசவாதம் வந்த அன்று
மாமியின் தமிழ் முழுக்கப் போய்விட்டது.
சிங்களம் மட்டும் நின்றது,
அதுவும் மூச்சளவு.
பெரியாஸ்பத்திரியில் பதினெட்டு நாள்
என் காதுதான் மாமியின் வாயருகே.
"எனக்கு இடது பக்கம் நோகுது" என்பேன்.
"எனக்கு லைற் வேண்டாம்" என்பேன்.
நேர்ஸ்மார் சிரித்தார்கள்: நோயாளி எந்தப் பேர்?

கடைசிக்கு முதல்நாள், விடியப்புறம்,
"மட்ட பயயி" என்றா.
இரண்டே சொல்.
தாழ்வாரத்திலிருந்து அவர் ஓடிவந்தார்.
"அம்மா என்ன சொன்னவ?"
"தண்ணி கேட்டா" என்றேன்.

தண்ணியும் கொடுத்தேன்.
குடிக்காமல் என்னைப் பார்த்தா,
வாக்குமூலத்தில் பிழை கண்டால் பார்க்கிற
அந்தப் பார்வை.

அலுமாரியை மூடினோம்.
கராம்பு ஒன்றை எடுத்து
பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டேன்.
அவர் குடையை விரித்துச் சுருக்கி
விரித்துச் சுருக்கிக்கொண்டிருந்தார்.
"எனக்குப் பயமாக் கிடக்கு" என்றேன்.

"உமக்கு என்னத்துக்குப் பயம்?"
என்கிறார்.