எரிப்பதற்கென்று ஒரு வீடு

பதினொரு வாரம் கட்டினோம்.
ஓக் கம்பம் நட்டு, வில்லோ மிளாறு பின்னி,
களிமண்ணில் கோதுமை உமி கொட்டி
வெறுங்காலால் மிதித்து மிதித்து
சுவர் எழுப்பினோம்,
மல்தோவாவில், ப்ரூட் நதிக்கு இப்பால்
ஒரு சூரியகாந்திக் கொல்லையின் ஓரம்.

ஆறாயிரம் ஆண்டுக்கு முன் இங்கே வாழ்ந்தவர்கள்
தம் வீட்டைத் தாமே கொளுத்தினார்கள்
என்கிறார் ப்ரோஃபிரா.
விபத்து என்கிறார் இலாரியோன்.
ஒரே பல்கலைக்கழகம், ஒரே காபி இயந்திரம்,
பத்தொன்பது வருடச் சண்டை.
கடைசியில்
வீட்டையே கேட்டுவிடலாம் என்று முடிவாயிற்று.

என் வேலை வெப்பமானி.
சுவருக்குள் எட்டுக் கம்பிகள்.
ஐந்து நிமிடத்துக்கொரு தரம்
எண்ணைப் பார்த்து எழுத வேண்டும்.
கருத்துச் சொல்ல எனக்குச் சம்பளமில்லை.

ஆகஸ்டில் விடாத மழை.
கூடாரம் ஒழுகியது.
பாயைச் சுருட்டிக்கொண்டு ஐந்து பேரும்
அந்த வீட்டுக்குள் போய்ப் படுத்தோம்.
அது திட்டத்தில் இல்லை.
மண்ணடுப்பில் பயறு வெந்தது.
ஒனுஃப்ரியே குறட்டை விட்டான்.
எங்கிருந்தோ ஓர் எலி குடிவந்தது.
நான்காம் நாள் சவேத்தா
செருப்பை வெளியே விட்டுவிட்டு வா என்றாள்.
ஏன் என்று
யாரும் கேட்கவில்லை.

செப்டம்பரில் முதல் தீ.
விபத்து மாதிரியே வைத்தார் இலாரியோன்:
அடுப்பிலிருந்து ஒரு கொள்ளி
கை நழுவி விழுந்ததாக நடித்து.
நாணல் கூரை
வாரிச் சுருட்டிக்கொண்டு போயிற்று.
இருபத்திரண்டே நிமிடம்.
அடுத்த கொல்லைக்காரர் துடோசெ
பதறியடித்து அழைத்த தீயணைப்பு வண்டி
வந்து சேர்ந்தபோது
சுவர் நின்றுகொண்டிருந்தது,
முகம் கறுத்து, அங்கங்கே வெடித்து,
மற்றபடி சௌக்கியமாக.
நான் எழுதிய உச்சம் இருநூற்றுப் பத்து.
மண் மண்ணாகவே இருந்தது.

அருங்காட்சியகத்துத் துண்டுகளோ
செக்கச் சிவந்தவை.
சிலது கண்ணாடியாய் உருகி வழிந்தவை.

இலாரியோன் வீட்டை ஒருமுறை சுற்றி வந்தார்.
சாம்பலைச் செருப்பால் கிளறினார்.
"விறகு" என்றார்.
அவ்வளவுதான்.
பத்தொன்பது வருடம்
அந்த ஒரு சொல்லில் முடிந்தது.

மூன்று வாரம் வெட்டினோம், சுமந்தோம்.
கையெல்லாம் கொப்புளம்.
கூரையை மறுபடி வேய்ந்தோம்.
அடுப்படியில் விறகு, வாசற்படியில் விறகு,
நாங்கள் படுத்த இடத்தில்
ஆளுயரத்துக்கு விறகு.
அடுக்க அடுக்க எனக்கு ஒன்று பட்டது:
பகைவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான்.
ஒரு பந்தத்தை வீசிவிட்டுக் குதிரையோ காலோ
கிடைத்ததில் ஓடியிருப்பான்.
இத்தனை காட்டை வெட்டிக் கொண்டுவந்து
தன் வீட்டுக்குள் நிரப்புகிறவன்
அந்த வீட்டுக்காரனாகத்தான் இருப்பான்.

இதை நான் எழுதவில்லை. எண் அல்லவே.

முந்தின இரவு
டார்ச் வெளிச்சத்தில் சவேத்தா
மிச்சமிருந்த கையகலத் தரையைக் கூட்டினாள்.
விடிந்தால் கொளுத்தப் போகிறோம்.
கூட்டி, குப்பையை வெளியே கொண்டுபோய்க் கொட்டினாள்.

மறுநாள் அந்தி.
நாற்பது நிமிடத்தில் எழுநூறு.
பிறகு எண்ணூறு.
சுவர் உள்ளிருந்து சிவந்தது,
கையை விளக்கின்மேல் பொத்தினால் விரல் சிவக்குமே,
அப்படி.
எட்டில் ஐந்து கம்பிகள் செத்தன.
ஒன்பதே முக்காலுக்கு எதிரே
என் குறிப்பேட்டில் கட்டம் காலி.
கம்பிக் கோளாறு என்று சொல்லிவைத்தேன்.

ஆறி முடிய ஒன்பது நாள்.
தோண்டினோம், தூரிகையும் கரண்டியுமாக.
சிவந்த கட்டிகளில் மிளாறின் தடம்,
ஒன்றில் ஒனுஃப்ரியேயின் குதிகால்,
இனி ஆறாயிரம் ஆண்டு அழியாது.
உள்ளே வைத்த பானைகள் பதினாறு.
கிடைத்தவை பதினேழு.

கோணல் வாய், தடித்த அடி,
பழகாத கை செய்த சின்னக் கிண்ணம்.
உள்ளே கரியாய்ப் போன பயறு.
"இதை யார் வைத்தது?" என்றார் ப்ரோஃபிரா.
சவேத்தா என்னைப் பார்த்தாள்.
எலிக்கு என்று
எப்படிச் சொல்வது?

ப்ரோஃபிரா சொல்லச் சொல்ல நான் எழுதினேன்:
எண் பதினேழு. பட்டியலில் இல்லை.
நோக்கம் தெரியவில்லை.