டொங்காட்டில் வாங்கிய டிரம் செட்

விளம்பரத்தில் ஐந்து. ஷெட்டில் நான்கு.
"இன்னொன்று எங்கே?"
சரோஜ் படையாச்சி துணி காயும் கொடிப் பக்கம் கை காட்டினாள்.
மூன்று கால் ஃப்ளோர் டாம்,
சிவப்பு மினுக்குத் தாள் வெயிலில் உரிய,
நெஞ்சுயரக் கறிவேப்பிலையைத் தாங்கி நின்றது.
காற்றுப் போக வைத்த துளையில்
ஒரு வேர் எட்டிப் பார்த்தது.

இரண்டாயிரத்து நானூறு ராண்ட். பேரம் இல்லை.
ஆனால் ஒரு பேச்சு:
செடி செத்தால் டிரம் திரும்பி வரணும்.
சரி என்றேன். வேறென்ன சொல்ல.
காலி பெயிண்ட் வாளியில்
இருவருமாய் மாற்றி நட்டோம்.
தீனன் கல்யாணங்களில் வாசித்தது என்றாள்.
எப்படி வாசிப்பார்?
"சத்தமா."

சாட்ஸ்வர்த்தில், காரை வெயிலுக்குத் துரத்திவிட்டு
கராஜில் ஆறு வாரம்.
துருவேறிய திருகாணிகளுக்கு வினிகர்,
வளையங்களுக்கு அலுமினியத் தாள், எச்சில், வசவு.
மண் தின்ற அடிப்பாகத்தை
இரண்டு அங்குலம் அறுத்தேன்.
குள்ளமானது. குரல் ஒரு படி ஏறிவிட்டது;
மற்ற நான்கும் பேசும்போது
இது மட்டும் குறுக்கே பேசுகிறது.

கரண்ட் போகும் இரவுகளில் வாசிக்கிறேன்.
பக்கத்து வீட்டுக் கூபன் சுவரைத் தட்டுகிறான்,
தாளம் தப்பி.
எத்தனை கழுவியும் எங்கிருந்தோ ஒரு பொட்டு மண்
கீழ்த்தோலில் துள்ளுகிறது.

ஞாயிறுதோறும் போன் வரும்.
நேற்று: "நாலு இலை மஞ்சளாயிருக்கு."
தண்ணி அதிகமா ஊத்தாதீங்க என்றேன்,
குரலைப் பிடித்துக்கொண்டு.
தேய்த்துப் பளபளக்க வைத்த பெயர்த்தகடு
இன்னும் என் சட்டைப்பையில்தான்.