ஒருதலைப் பூண்டு

யெல் தீவில் மரம் அரிது.
காற்று விட்டுவைத்தது
கல்லையும் செம்மறியையும் எங்களையும்தான்.
உடைந்த சால்மன் கூண்டின் குழாய்களை வளைத்து நட்டு
பிளாஸ்டிக் தகடு அறைந்து
கண்ணாடியே இல்லாத ஒரு கண்ணாடிக் குடில் கட்டினேன்.
நாலு எட்டு நீளம், மூன்று எட்டு அகலம்.
படகுத்துறையில் சீட்டுக் கிழிப்பவனுக்கு
அது ஒரு பண்ணை.

அக்டோபரில் ஆறு மீன்பெட்டிகளில் மண் நிரப்பி
பூண்டை உதிர்த்தேன்.
முனை வானம் பார்க்க, தட்டை மண் பார்க்க,
விரல் இரண்டு கணு ஆழம்,
அரைச் சாண் இடைவெளி,
பெட்டிக்குப் பத்து.
சூம்பிய பற்கள் ஏழு மிஞ்சின.
எறிய மனமில்லை.
விளிம்பு வெடித்த பெயின்ட் வாளியில் ஊன்றி
வெளியே, கரிக்குவியலுக்குப் பின்னால் வைத்தேன்.
வைத்ததோடு சரி.

குடிலில் இருந்தவைதான் பிள்ளைகள்.
இடுக்குக்கெல்லாம் நாடா ஒட்டினேன்.
மூலையில் ஒரு சின்ன எண்ணெய் அடுப்பு.
"நம் படுக்கையறைக்கு இது எப்போது?"
ஓஸ்லா கேட்டாள்.
ஜனவரிப் புயலில் ஒரு தகடு பறந்த இரவு
கட்டிலிலிருந்து போர்வையை உருவிக்கொண்டு ஓடினேன்,
பெட்டிகளுக்குப் போர்த்த.
அவள் மழைக்கோட்டோடு தூங்கினாள்.

ஜூலை. தாள் பழுத்தது. பிடுங்கினேன்.
வழவழவென்று, உருண்டையாக,
கோலிக்குண்டு மாதிரி.
உரித்தேன், இன்னும் உரித்தேன்.
பிளவில்லை, வரியில்லை.
அறுபதும் அப்படியே,
தலைக்கு ஒரு பல்.

பக்கத்து வீட்டு எர்ட்டி ஓர் உருண்டையை விளக்கில் திருப்பிப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
வாயிலிருந்து செட்டைக் கழற்றி
உள்ளங்கையில் வைத்து நீட்டினான்,
இரவல் வேண்டுமா என்பதுபோல.

வாளியைக் கண்டது ஓஸ்லா.
செம்மறி முட்டிக் கவிழ்ந்து
பாதி மண் கொட்டி
ஏழில் ஐந்து உயிரோடு கிடந்தது.
சின்னத் தலைகள். ஊதாக் கோடுகள்.
கட்டைவிரலால் நெம்பினாள்:
ஒன்பது பல். அடுத்ததில் பதினொன்று.
மேசைமேல் பரப்பி வைத்துவிட்டு
என்னைப் பார்க்காமல் தேநீர் போட்டாள்.

பல் கிட்டுகிற குளிரில்
பனியோடு உறைந்து,
உப்புக்காற்றில் நனைந்து,
கேட்பாரற்று இருந்தபோது
ஏதோ ஓர் இரவில் அது
தன்னைப் பங்கிடத் தொடங்கியிருக்கிறது.
நான் காத்தவை
கடைசிவரை எதற்கும் தேவைப்படாமல்
தனக்குள்ளேயே பருத்தன.

தூக்கி எறியவில்லை.
உருண்டைகளில் பாதியைச் சூப்பில் போட்டோம்.
உரிப்பது சுலபம், அதை மறுக்கக் கூடாது.
மீதியை இந்த அக்டோபரில் முழுசாகவே நட்டிருக்கிறேன்,
குடில் கதவைக் கயிற்றால் கட்டித்
திறந்தே வைத்து.

முதல் பனி நேற்று.
இரண்டு முறை எழுந்தேன்.
இரண்டு முறையும் வாசல்வரை போய்த் திரும்பினேன்.
எண்ணெய் அடுப்பு இப்போது எங்கள் அறையில்.
போர்வையை உதைத்துத் தள்ளிய ஓஸ்லா
தூக்கத்தில் முனகுகிறாள்:
வேர்க்கிறது,
அந்த ஜன்னலைத் திற.