பூஜ்யம் காட்டும் குளம்

இருபது சுற்றுக்கு ஒரு சாண் இறங்கியது
துளைக்கருவி.
பனிக்கட்டியின் கனம் அறுபத்தெட்டு சென்டிமீட்டர்.
எழுதும்போது ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே
பேனா உறைந்துவிட்டது.
எட்டைப் பென்சிலால் போட்டேன்.

பிப்ரவரி. வடக்கு ஃபின்லாந்து.
வரைபடத்தில் எண் மட்டுமே உள்ள குளம்.
ஆக்ஸிஜன் அளக்கும் கம்பியை விட்டேன்.
ஒரு மீட்டரில் ஒன்று.
இரண்டில் புள்ளி மூன்று.
மூன்றில் பூஜ்யம்.
கருவி கெட்டதோ என்று
காற்றில் தூக்கிப் பிடித்தேன்;
எண் எகிறியது.
பொய் சொல்லவில்லை. மறுபடி இறக்கினால்
மறுபடி பூஜ்யம்.

சறுக்குவண்டி மேல் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தேன்.
கறுப்பு ரை மாவு, கல்லாய் இறுகிய வெண்ணெய்.
மெல்ல மெல்லத்தான் இனித்தது.

அந்த இனிப்பு போகும் வழி தெரியும்;
தேர்வெழுதித் தேறியவள் நான்.
ஒரு சர்க்கரை இரண்டாய் உடையும்,
உடைத்த கூலி இரண்டே காசு.
அதுவரை காற்றின் தயவு வேண்டாம்.
அப்புறம்தான் உள்ளறை:
அங்கே எலக்ட்ரான்கள்
கைமாறிக் கைமாறிப் படியிறங்குகின்றன,
ஒவ்வொரு கையும் கொஞ்சம் தரகு எடுத்துக்கொள்கிறது,
அந்தத் தரகில்தான் புரோட்டான்களைச்
சுவருக்கு அப்பால் தள்ளுகிறார்கள்,
அவை முண்டியடித்துத் திரும்பும் வாசலில்
கண்ணுக்குச் சிக்காத ஒரு சக்கரம் சுழல்கிறது.
முப்பது காசு, கிட்டத்தட்ட.
வரிசையின் கடைசியில்
கைநீட்டி நிற்கிறது ஆக்ஸிஜன்.
வாங்கிக்கொள்கிறது, தண்ணீராகிறது, போய்விடுகிறது.
பிறந்தது முதல் நான் மூச்சு வாங்குவது
அந்தக் கடைசிக் கைக்காக.

நெருப்பில்லாமல் புகையாது.
என் வாயிலிருந்து கிளம்பிய புகையைப் பார்த்தேன்.
அதில் தெரிவது தண்ணீர்.
தெரியாமல் போவது
போன ஆகஸ்டில் அறுத்த வயல்.

தாவெத்தி கூண்டை இழுத்தான்.
அடியிலிருந்து, அந்தப் பூஜ்யத்திலிருந்து,
மூன்று மீன்கள்.
ரூத்தனா என்பார்கள் இங்கே. பித்தளை நிறம்,
உள்ளங்கை அகலம், யாரும் விரும்பிச் சமைப்பதில்லை.
வாளியில் போட்டதும் ஒன்று செவுளைத் திறந்தது.
அவசரமே இல்லாமல்
மூடியது.

இலையுதிர்காலத்திலேயே இது ஈரலில்
மாவுச்சத்தை மூட்டை கட்டிக்கொள்ளும்.
கடைசிக் கை இல்லாத ஊரில்
இரண்டிரண்டு காசாகவே
மாதக்கணக்கில் குடித்தனம் நடத்தும்.
மிஞ்சும் அமிலம் தேங்கினால் சாவு.
தேங்க விடாது. சாராயமாய் மாற்றிச்
செவுள் வழியே வெளியே விட்டுவிடும்.

சொல்லி முடித்தேன்.
தாவெத்தி சிரித்தான்.
"என் தம்பி இதைத் தலைகீழாகச் செய்தான்."
அந்தச் சிரிப்பை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல்
அப்படியே நின்றான்.
இரண்டு வருஷமாகத் தம்பி பேச்சை
அவன் எடுத்ததில்லை.
பெயரை இன்றும் சொல்லவில்லை.

ரொட்டியில் பாதி நீட்டினேன்.
கையுறையைக் கழற்றாமலே வாங்கினான்.

மைனஸ் இருபத்துநாலு;
வெளியே வைத்தால் செவுள் உறைந்துவிடும்.
வாளியைத் துளையில் சாய்த்தான்.
இரண்டு நேராக இறங்கின. மூன்றாவது
விளிம்போரம் சற்று நின்று,
எங்களைப் பார்த்ததா, வெளிச்சத்தையா,
பிறகு அதுவும் போயிற்று.

படிவத்தில் மூன்று மீட்டருக்கு நேரே 0.0.
பக்கத்தில் "குறிப்பு" என்றொரு கட்டம்,
கட்டைவிரல் நகம் அளவுக்கு.
'மூன்று மீன். உயிரோடு.'
பென்சில் முனை உடைய
அழுத்தி எழுதினேன்.

தாவெத்தி மென்றுகொண்டிருந்தான்,
அவன் வாயிலிருந்தும் புகை.
துளையின் மேல் அதற்குள்
பாலாடை போல ஒன்று
படியத் தொடங்கியிருந்தது.