கழற்ற மறந்த மைக்

மூன்று நிமிடம். முடிவில் நம்பிக்கை.
வெயில் இருந்தால் நல்லது. ட்ரோன் ஒரு தடவை.
மின்னஞ்சலில் இவ்வளவுதான்.
முற்பணம் முப்பது வீதம்,
மிச்சம், படம் ஏற்கப்பட்டு நாற்பத்தைந்து நாளில்.

ஒட்டுசுட்டானில் பெற்றோல் அடித்து
முக்காலியை முதுகில் குறுக்காகக் கட்டி
முத்தையன்கட்டு இடதுகரைக்கு வந்துசேர ஏழரை.
யோகமலர் கோழிக்கூட்டுக்கு முன்னால்
கதிரையை ஏற்கெனவே போட்டு வைத்திருந்தா.
"வெளிச்சம் இந்தப் பக்கத்தாலை வரும் தம்பி.
போனமுறை வந்தவையும் இதிலைதான் இருத்தினவை."

தண்ணீர்ப் பம்பியில் மூன்று ஸ்ரிக்கர்.
மேலே இருப்பது எங்களுடையது.
ஓரம் உரிந்து, அடியில் இன்னொரு நாட்டுக் கொடி
நீலமாய் எட்டிப் பார்த்தது.
கமராவைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினேன்.
கொடி போய்விட்டது. திறந்த கதவு வந்தது,
அதனூடே சுவரில்
மாலை போடாத படம் ஒன்று.
போனில் கேட்டேன்.
"அந்தப் படம் வேண்டாம்," என்றார் செறின் மிஸ்,
"அது வேறை திட்டம்."

திரும்பவும் வலப்பக்கம்.

"இந்த உதவி கிடைத்த பின்னர்" என்று தொடங்கச் சொன்னேன்.
"இது கிடைச்ச பிறகு" என்றா. அதுதான் நல்லாயிருந்தது.
ஆனால் சேவல் கூவியது. பிறகு ஒரு உழவு மெசின்.
பிறகு மேகம், அரை மணித்தியாலம்.
ஆறாவது தடவை அவவே கேட்டா:
"கண் கலங்கிறது இதிலையோ, பிறகோ?"
கமராவின் சின்னத் திரையைத் தவிர
பார்க்க எனக்கு வேறு இடம் இருக்கவில்லை.

தேத்தண்ணி வைக்க எழும்பிப் போனா.
சட்டைக் கழுத்திலிருந்த மைக்கைக் கழற்ற மறந்துபோனேன்.
காதில் மாட்டியபடி பற்றரி மாற்றுகிறேன்,
கேத்தில் மூடி, சீனிப் போத்தல்,
வேலிக்கு அங்கால் நிமலியின் குரல்.

"இன்னும் முடியேல்லையோ?"
"எங்கை! விடிய வந்த பெடியன்,
வெறும் வயித்தோடை நிக்கிறான் பாவம்.
முந்தி வந்தவனுக்கு வாகனம், குடைபிடிக்க ரெண்டு பேர்.
இவனுக்குக் குடையும் இவன்தான், ஆளும் இவன்தான்."
"காசு குடுப்பினமோ?"
"பிந்தித்தான் குடுப்பினம் போலை. முகத்திலை தெரியுது.
எனக்கெண்டாலும் இருபது குஞ்சு தந்தவை."

சிரித்தா.
ஒலிமுள் சிவப்பைத் தொட்டு இறங்கியது.
காலையிலிருந்து நான் எடுக்கப் பாடுபட்ட சிரிப்பு.

தேத்தண்ணியோடு ஒரு சுளகில் அவித்த கச்சான்.
"திண்டிட்டு எடும். நான் எங்கை போகப்போறன்."

கிளிநொச்சியில், போட்டோக்கொப்பிக் கடைக்கு மேல் அறை.
இறுதி. இறுதி இரண்டு. உண்மையான இறுதி.
நாற்பத்தேழாவது செக்கனில் சோகம் கூட என்றார்கள்,
குறைத்தேன்.
இரண்டாவது நிமிடத்தில் சோகம் காணாது என்றார்கள்.
அதே சோகத்தை அங்கே கொண்டுபோய் வைத்தேன்.
எடுத்ததெல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம்,
ஒப்பந்தத்தில் இருக்கிறது.
எல்லாம் கொடுத்தேன்.
இருபத்தேழாம் இலக்கத்துக்கு நேரே
'ஒலிப் பழுது' என்று எழுதினேன்.

கமராப் பையின் அடியில் கச்சான் கோது
இப்போதும் விரலில் குத்துகிறது.

அறுபதாம் நாளோ, அறுபத்திரண்டோ,
அவவின் அழைப்பு.
"தம்பி, உமக்குக் காசு வந்ததோ?"
"வந்திட்டுது அக்கா" என்றேன்,
வெயில் படும் பக்கமாய்த் திரும்பி இருந்து சொல்வதுபோல.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு,
"சேவல் கத்தினது, வடிவாக் கேக்கேல்லை.
இன்னொருக்காச் சொல்லும்."